ஒரு வளைகோட்டில் எத்தனை கரும்புள்ளிகள்?

கார்த்திகைக் கூட்டத்திலிருந்து ஏறக்குறைய நேர் தெற்கே வெகு தூரம் இறங்கி வந்தால், வான நடுக்கோட்டை ஒட்டி 10 டாரி என்றொரு விண்மீன் இருக்கிறது. ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். அதன் பக்கத்தில், முழு நிலவின் பாதி அகலம்கூட இல்லாத தூரத்தில், இன்னும் மங்கலாக ஒன்று. பட்டியல்களில் அதன் பெயர் எச்.ஆர். 1099. ஒளி மாறும் விண்மீன்களின் கணக்கில் வி711 டாரி. குளிர்காலம் வந்தால் இதன் வெளிச்சத்தை அளப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை இங்கே எழுத வேண்டாம்.

அளப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, ஒரு டெலி லென்ஸ், ஆடாத முக்காலி, வானத்தின் நகர்வோடு சேர்ந்து திரும்பும் சின்ன மோட்டார் ஒன்று. ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிட வேண்டும். கூர்மையான புள்ளியாக விழுந்தால் மொத்த ஒளியும் நாலைந்து பிக்சலில் குவிந்து அவை நிரம்பி வழிந்துவிடும். தட்டையான சிறு வட்டமாகப் பரவினால்தான் எண்ணிக்கை நம்பும்படி இருக்கும். அப்புறம் ரா கோப்புகளிலிருந்து பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்து, எச்.ஆர். 1099இன் ஒளியை 10 டாரியின் ஒளியால் வகுக்க வேண்டும். மெல்லிய பனியோ தூசியோ இருந்தால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டையும் ஒரேபோலத்தான் மறைக்கும், விகிதம் அப்படியே நிற்கும். பல படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் நூற்றுக்கு ஒன்று, இரண்டு அளவிலான மாற்றம் வரை பிடித்துவிடலாம். ஒட்டினாற்போல 6 ஆர்க் வினாடி தூரத்தில் மங்கலான ஒரு துணை இருக்கிறது. கேமராவால் அதைப் பிரிக்க முடியாது. பெரிய வான்காணகங்களின் அளவீடுகளிலேயே பெரும்பாலும் அதன் ஒளியும் சேர்ந்துதான் வருகிறது என்பதால் நானும் அதைக் கண்டுகொள்வதில்லை.

இந்த விண்மீனின் ஒளி 2.84 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பவனை வதைப்பதற்கென்றே அமைந்த எண் இது. மூன்று நாளுக்கு நெருக்கமாக இருப்பதால், இன்று காட்டிய முகத்தையே மூன்று இரவு கழித்து மறுபடி காட்டும். சுழற்சியில் பதினெட்டில் ஒரு பங்குதான் நகர்ந்திருக்கும். ஓர் இரவுகூடத் தவறாமல் பார்த்தாலும் முழுச் சுற்றையும் நிரப்ப இரண்டரை வாரம் வேண்டும். அது நள்ளிரவில் உச்சிக்கு வருவதோ நவம்பர் மாதம். தமிழ்நாட்டில் நவம்பர் வானம் எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை விட்ட பிறகு ஜனவரியிலும் பிப்ரவரி முன்னிரவுகளிலும் கிடைப்பதுதான் கிடைத்தது. ஜவ்வாது மலையில் காவலூர் வான்காணகத்தில் இருந்தவர்களுக்கும் இதே மழை, இதே 2.84 நாள்தான். அங்கே 1980களில் 34 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு இந்த வகை விண்மீன்களைப் பருவம் தவறாமல் அளந்திருக்கிறார்கள். எச்.ஆர். 1099உம் அவற்றில் ஒன்று. அந்தப் பழைய அட்டவணைகளைப் பார்க்கும்போது எண்களைவிட அவற்றுக்கு இடையே விடுபட்ட தேதிகள்தான் எனக்கு அதிகம் புரிகின்றன.

சரி, கடைசியில் கைக்கு வருவது, நேரம் போகப் போக ஒளி எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் ஒரு வளைகோடு. ஒரு மேடு, ஒரு பள்ளம், ஆழம் பத்து சதவீதத்தை ஒட்டி. அடுத்த வருடம் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். சில வருடங்களில் இரண்டு பள்ளம் தெரியும். விண்மீனின் மேற்பரப்பில் பெரும் கரும்புள்ளிகள் இருக்கின்றன, அது சுழலும்போது அவை நம் பக்கம் வந்து போகின்றன என்பது விளக்கம். இதை யாரும் இப்போது சந்தேகிப்பதில்லை. ஆனால் அந்தப் பத்து சதவீதப் பள்ளத்தைக் காட்டி, "அப்படியானால் மேற்பரப்பில் எவ்வளவு பங்கு கரும்புள்ளி?" என்று கேட்டால், வளைகோட்டை மட்டும் வைத்துப் பதில் சொல்லவே முடியாது. செய்திகளில் வரும் வண்ண வண்ண விண்மீன் வரைபடங்களைப் பார்க்கிறவர்களுக்கு இது உறைப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

புள்ளி விளக்கத்துக்கு வயது அதிகம். மீரா என்ற விண்மீன் சுமார் 11 மாதத்துக்கு ஒருமுறை பிரகாசித்து மங்குவதைப் பார்த்த இஸ்மாயேல் புய்யோ என்ற பிரெஞ்சுக்காரர், அது ஒரு பக்கம் கறுத்த சுழலும் உருண்டை என்று 1667இல் எழுதினார். மீராவைப் பொறுத்தவரை அது சரியல்ல. அந்த விண்மீன் விம்மிச் சுருங்குகிறது, அதனால்தான் ஒளி மாறுகிறது. பிறகு நெடுங்காலம் கழித்து, 1947இல், லிக் வான்காணகத்தின் ஜெரால்டு குரோன், ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனான ஏ.ஆர். லாசர்ட்டேயில் ஒளி இருக்க வேண்டியபடி இல்லை என்று கவனித்து, மேற்பரப்பில் திட்டுகள் இருக்கலாம் என்றார். அப்போது அது பெரிதாக எடுபடவில்லை. 1960களில் இத்தாலியின் கத்தானியாவில் இதே மாதிரி இன்னொரு இரட்டையான ஆர்.எஸ். கேனம் வெனாட்டிகோரத்தைத் தொடர்ந்து அளந்தவர்கள், மறைப்பு நடக்காத நேரத்திலும் ஓர் அலை இருப்பதையும் அது வருடாவருடம் மெல்ல நகர்வதையும் கண்டார்கள். 1976இல் டக்ளஸ் ஹால் இப்படிப்பட்டவற்றை ஒரு தனி வகையாகத் தொகுத்தார். எச்.ஆர். 1099 அந்த வகையில் மிகப் பிரகாசமானவற்றில் ஒன்று.

என்னைக் கேட்டால், புள்ளி வாதத்தை நிலைநாட்டியது வளைகோடு அல்ல, 1980இல் வந்த ஒரு நிறமாலை. எச்.ஆர். 1099இன் நிறமாலையில் டைட்டானியம் ஆக்சைடின் பட்டைகள் தெரிந்தன. இந்த மூலக்கூறு வெப்பம் தாங்காது. நாலாயிரம் கெல்வினுக்கு மேல் உடைந்துபோகும். அந்த விண்மீனின் பொது மேற்பரப்பு ஏறக்குறைய 4,700 கெல்வின். அங்கே அதற்கு வாழ்க்கை இல்லை. ஆகவே சுற்றுப்புறத்தைவிட வெகுவாகக் குளிர்ந்த ஓரிடம் அந்த விண்மீனில் இருந்தே ஆக வேண்டும்.

ஏன் குளிர்கிறது என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் சூரியன்தான் பாடம். 1908இல் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் எல்லரி ஹேல், சூரியப்புள்ளிகளில் நிறமாலைக் கோடுகள் பிளந்திருப்பதைக் கண்டு, அங்கே கடுமையான காந்தப்புலம் இருக்கிறது என்று காட்டினார். பெரிய புள்ளிகளில் அது 3,000 காஸ் அளவுக்குப் போகும். பூமியின் மேற்பரப்பில் அரை காஸ்தான். 1909 ஜனவரியில் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் கருமையான நடுவைச் சுற்றியுள்ள மங்கலான வளையத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதைப் பதிவு செய்தார். உள்ளிருந்து கொதித்து மேலே வரும் வாயுவைக் காந்தப்புலம் அங்கேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. வெப்பம் வந்து சேராத இடம் குளிர்கிறது. சூரியப்புள்ளியின் நடு சுமார் 4,000 கெல்வின், சுற்றிலும் 5,770. ஒரே அளவு பரப்பை எடுத்துக்கொண்டால் புள்ளி விடும் ஒளி, சுற்றுப்புறத்தின் ஒளியில் கால் பங்கு. அதைத் தனியே வெட்டி வானத்தில் வைத்தால் கண் கூசும்.

வெளி அடுக்கு இப்படிக் கொதிக்கும் விண்மீன்களில்தான் இந்த ஆட்டம் எல்லாம். சூரியனும் அதைவிடக் குளிர்ந்தவையும் அந்தக் கூட்டம். கொதிப்போடு வேகமான சுழற்சியும் சேர்ந்தால் உள்ளே காந்த டைனமோ வெறி பிடித்து வேலை செய்யும். சூரியனைப் போன்ற தனி விண்மீன் வயதாக ஆகச் சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிடும். காந்தப்புலம் வழியே வெளியேறும் காற்று அதைப் பிடித்து இழுத்தபடி இருக்கும். இன்றைக்குச் சூரியனுக்கு ஒரு சுற்றுக்கு 25 நாள் ஆகிறது. எச்.ஆர். 1099இன் பெரிய விண்மீன் வயதாகி, சூரியனைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு அகலத்துக்குப் பெருத்துவிட்ட ஒன்று. இயல்பாக இருந்தால் சோம்பிப் போயிருக்க வேண்டும். இரட்டையில் மற்றது விடவில்லை (முன்பு சொன்ன மங்கலான துணை அல்ல, இது ஒட்டியே சுற்றும் வேறொன்று). 2.84 நாளில் ஒன்றையொன்று சுற்றும் அந்த இரண்டும் ஈர்ப்பால் பூட்டிக்கொண்டு, சுற்றும் வேகத்திலேயே தம்மைத்தாமே சுழலவும் வைத்துக்கொள்கின்றன.

இனி என் குறைக்கு வருகிறேன். 1906இல் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், சிறுகோள்களின் ஒளி மாற்றத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சுழலும் உருண்டை ஒன்றின் மொத்த ஒளி எப்படி மாறுகிறது என்பதை மட்டும் வைத்து அதன் மேற்பரப்பில் எங்கே வெளுப்பு, எங்கே கறுப்பு என்று ஒரே ஒரு விடையாகச் சொல்ல முடியாது என்பதைக் கணிதமாகவே காட்டினார். ஒரே வளைகோட்டைத் தரக்கூடிய வரைபடங்கள் கணக்கில்லாமல் இருக்கும். கூடுதல் துல்லியம் வந்தாலும் இது தீராது. தூரத்துத் திருவிழாவில் சுற்றும் குடை ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து பல்புகள் மட்டும் அணைந்திருந்தால் அது சுற்றச் சுற்ற வெளிச்சம் கூடிக் குறையும். உச்சியில் இருக்கும் வட்டம் முழுக்க அணைந்திருந்தாலோ, சுற்றிலும் ஒன்றுவிட்டு ஒன்று அணைந்திருந்தாலோ வெளிச்சம் ஆடவே ஆடாது, மொத்தத்தில் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். எல்லா பல்பும் எரிந்தபோது அது எப்படியிருந்தது என்று தெரியாதவருக்கு மங்கல் என்பதும் தெரியாது.

எச்.ஆர். 1099 விஷயத்தில் நிலைமை இதேதான். அது புள்ளியே இல்லாமல் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆய்வாளர்கள் இதுவரை பதிவான மிகப் பிரகாசமான அளவை எடுத்து, 'புள்ளியற்ற நிலை இதுவாக இருக்கட்டும்' என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குகிறார்கள். அதைவிட வழி இல்லை என்பது உண்மைதான். ஆனால் டைட்டானியம் ஆக்சைடு பட்டைகளின் வலிமையை வைத்துத் தனியாகக் கணக்கிட்டால், சில துடிப்பான விண்மீன்களில் மேற்பரப்பின் 30 முதல் 50 சதவீதம் வரை புள்ளி என்று வருகிறது. வளைகோட்டிலிருந்து வரும் எண் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. ஆடாத புள்ளிகளை வளைகோடு கணக்கில் எடுப்பதில்லை, அதனால்தான் இந்த இடைவெளி.

ஆடாத புள்ளி எங்கே இருக்கும்? துருவத்தில். 1983இல் ஸ்டீவன் வோட்டும் டொனால்டு பென்ராடும் எச்.ஆர். 1099ஐ வேறு வழியில் அணுகினார்கள். வேகமாகச் சுழலும் விண்மீனில் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் விலகிப் போகிறது. அதனால் டாப்ளர் விளைவில் நிறமாலைக் கோடு அகன்றுவிடும். புள்ளி ஒன்று விளிம்பில் தோன்றி நடுவைக் கடந்து மறு விளிம்புக்குப் போகும்போது, அந்த அகன்ற கோட்டுக்குள் ஒரு சின்ன மேடு நீலப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கத்துக்கு ஊர்ந்து போகும். நடுக்கோட்டருகே இருக்கும் புள்ளியின் மேடு முழு அகலத்தையும் கடக்கும். துருவத்தருகே இருப்பது நடுவிலேயே சின்னதாக அசைந்துகொண்டிருக்கும். அதாவது வளைகோட்டில் இல்லாத அகலாங்குச் செய்தி இதில் இருக்கிறது. இப்படி வரைந்த படத்தில் துருவத்தின் மேல் பெரிய புள்ளி ஒன்று உட்கார்ந்திருந்தது.

நிறைய பேர் நம்பவில்லை. சூரியனில் புள்ளிகள் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 40 டிகிரிக்குள்தான் வரும். துருவத்தில் ஒன்றைக்கூட யாரும் கண்டதில்லை. கோட்டின் அடிப்பகுதி தட்டையாக இருப்பதற்கு வேறு ஏதாவது காரணம் இருக்கும், அதைப் புள்ளி என்று கணினி வரைந்துவிடுகிறது என்ற வாதம் வெகுகாலம் ஓடியது. 1992இல் ஷூஸ்லரும் சொலங்கியும் ஒரு காரணம் சொன்னார்கள். வேகமாகச் சுழலும் விண்மீனின் ஆழத்திலிருந்து மேலே எழும் காந்தக் குழாயை, சுழற்சியால் எழும் கொரியாலிஸ் விசை துருவத்தின் பக்கம் தள்ளிவிடும். பிறகு 2016இல் நேரடியாகவே ஒரு படம் வந்தது. மவுண்ட் வில்சன் மலையில் ஆறு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்க்கும் சாரா என்ற அமைப்பு இருக்கிறது. ஒன்றுக்கொன்று அதிகபட்சத் தூரம் 330 மீட்டர். அதை வைத்து ஸீட்டா ஆண்ட்ரோமிடே என்ற விண்மீனின் வட்டை ராக்கேல் ரோட்டன்பாக்கர் குழுவினர் படமாக்கினார்கள். துருவத்தில் புள்ளி இருந்தது. இரண்டு வெவ்வேறு பருவங்களில் எடுத்த படங்களிலும் அது அங்கேயே இருந்தது. மற்ற புள்ளிகள் இடம் மாறியிருந்தன.

அளவில் உச்சம் எக்ஸ்.எக்ஸ். ட்ரையாங்குலி என்ற ராட்சத விண்மீன். 1998இன் தொடக்கத்தை ஒட்டி அதன் ஒளி ஒரு சுழற்சிக்குள் 0.63 மேக்னிட்யூட் ஆடியது. சாதாரண எண்ணில் சொன்னால் நூற்றுக்கு 44 பங்கு குறைந்து மறுபடி வந்தது. அரிசோனாவில் இரண்டு தானியங்கித் தொலைநோக்கிகள் அதை அளந்தன. வியன்னாக்காரர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் வொல்ஃப்காங், அமாதியஸ்! கிளாஸ் ஸ்ட்ராஸ்மையர் வரைந்த டாப்ளர் படத்தில் தெரிந்த புள்ளியில் நீளவாக்கில் பத்து சூரியனும் அகலவாக்கில் ஆறு சூரியனும் அடுக்கலாம். அதே ஸ்ட்ராஸ்மையர் குழு, டெனரீஃப் தீவில் இருக்கும் ஸ்டெல்லா என்ற தானியங்கித் தொலைநோக்கியால் அந்த விண்மீனை 16 ஆண்டுகள் விடாமல் பார்த்து, 99 வரைபடங்கள் வரைந்து 2024இல் வெளியிட்டது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி மாதிரி ஏதாவது தென்படுமா என்பதுதான் எதிர்பார்ப்பு. ஒழுங்கு எதுவும் தென்படவில்லை. புள்ளிகள் தோன்றுகின்றன, சிதைகின்றன, சேர்கின்றன, அவ்வளவுதான். விண்மீனின் ஒளி மையம் இந்தப் புள்ளிகளால் அதன் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை தள்ளாடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. இன்னொரு பொருள் ஈர்த்து இழுப்பது போலவே தோன்றும் அந்தத் தள்ளாட்டம்.

புள்ளி அதிகமானால் விண்மீன் மங்கும் என்றுதான் இதுவரை எழுதிவந்தேன். சூரியன் அதற்கும் ஒத்துவராது. 1978லிருந்து செயற்கைக்கோள்கள் அளந்ததில், புள்ளிகள் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் சூரியன் சுமார் 0.1 சதவீதம் கூடுதலாகப் பிரகாசிக்கிறது. புள்ளிகளைச் சுற்றிச் சின்னச் சின்னக் காந்தத் திட்டுகள் வெளிச்சமாக இருக்கின்றன. பரப்பில் அவை புள்ளிகளை விஞ்சிவிடுகின்றன. மற்ற விண்மீன்களில் எப்படி என்று பார்க்க, நிறமாலையில் வரும் கால்சியம் கோடுகளின் ஒளிர்வு உதவும். காந்தத் துடிப்புக்கு அது நல்ல அடையாளம். இந்தக் கோடுகளில் 1957இல் ஓலின் வில்சனோடு சேர்ந்து ஒரு முக்கியமான தொடர்பைக் கண்டவர், பிறகு கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்து காவலூரை உருவாக்கிய வைணு பாப்பு. வில்சன் 1966இல் மவுண்ட் வில்சனில் சூரியன் மாதிரியான விண்மீன்களின் கால்சியம் ஒளிர்வை வருடக்கணக்கில் அளக்கத் தொடங்கினார். 1984இலிருந்து லோவெல் வான்காணகம் அந்த மாதிரி விண்மீன்களின் வெளிச்சத்தையும் அளந்தது. இரண்டையும் ஒப்பிட்டால், வயதான அமைதியான விண்மீன்கள் சூரியனைப் போலத் துடிப்பு கூடும்போது பிரகாசிக்கின்றன, இளையவை மங்குகின்றன. ஆக, பள்ளம் என்றாலே புள்ளி என்றும் மேடு என்றாலே சுத்தமான பரப்பு என்றும் எல்லா விண்மீனுக்கும் எழுதிவிட முடியாது.

கோள் வேட்டைக்காரர்கள் இதில் பட்ட பாடு தனி. எச்.டி. 166435 என்ற விண்மீன் 3.8 நாளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆடுவது தெரிந்தது. அந்தக் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட சூடான வியாழன்களின், அதாவது விண்மீனை ஒட்டியே சுற்றும் பெரிய வாயுக் கோள்களின், கணக்குக்கு அச்சாகப் பொருந்தியது. ஆனால் அதே 3.8 நாளில் வெளிச்சமும் ஆடியது. 2001இல் திதியே கெலோ குழுவினர் அங்கே கோள் இல்லை, புள்ளிதான் என்று எழுதினார்கள். சூரியன் மாதிரி விண்மீனைச் சுற்றும் முதல் கோளைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரே இதை எழுதியதால் அந்தக் கட்டுரை மேல் எனக்குத் தனி மரியாதை.

அங்கே வளைகோடு காட்டிக்கொடுத்தது. காட்டிக்கொடுக்காத இடமும் உண்டு. ஜி.ஜே. 486 என்பது 26 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் சிவந்த குள்ள விண்மீன். மெதுவாகச் சுழல்வது, அமைதியானது, வெளிச்சம் அதிகம் ஆடாதது. அதைச் சுற்றும் பாறைக் கோளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது, விண்மீனைக் கோள் கடக்கும் நேரத்து ஒளியில் நீராவியின் சாயல் இருந்தது. 2023இல் அதை வெளியிட்டவர்கள் இரண்டு சாத்தியங்களைச் சொன்னார்கள். நீராவி கோளின் வளிமண்டலத்தில் இருக்கலாம், அல்லது விண்மீனின் புள்ளிகளில் இருக்கலாம். புள்ளியில் தண்ணீரா என்று சிரிக்க வேண்டாம். சூரியப்புள்ளியின் நடுவிலேயே நீராவி இருப்பது 1995இல் உறுதியானது. கோளின் நிழல் விழாத பகுதியில் புள்ளிகள் இருந்தால், அவற்றின் நீர்க் கோடுகள் கோளின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிடும். ஆடாத புள்ளிகள் என்றால் வளைகோட்டில் எச்சரிக்கையும் இருக்காது. அடுத்த ஆண்டு, அந்தக் கோள் விண்மீனுக்குப் பின்னால் போகும்போது அதன் வெப்பத்தை அளந்து பார்த்தார்கள். தடித்த வளிமண்டலம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த நீராவி யாருடையது என்று பந்தயம் கட்டச் சொன்னால், நான் விண்மீன் பக்கம்தான் கட்டுவேன்.